டாலஸில் வாடகை அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் (வாடகைக்குக் குடியிருப்பவர் எடுக்கும் காப்பீடு) உண்மையிலேயே தேவையா? குறைந்த செலவில் எப்படி எடுப்பது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இது. கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. டாலஸை ஒட்டிய இர்விங்கில் இரண்டாவது மாடியில் ஓர் அபார்ட்மென்ட். ஒரே சம்பளம், அதிலிருந்து ஊருக்கும் மாதாமாதம் பணம் போகிறது. லீசிங் ஆபீஸில் ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறார்கள். "ஒரு மெத்தை, ஒரு டிவி, நாலு பாத்திரம், இதற்கு எதற்கு இன்சூரன்ஸ்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாக எடுங்கள். ஆபீஸில் கேட்காவிட்டாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன். நம் ஆட்கள் பெரும்பாலும் இதைப் பொருளுக்கான காப்பீடு என்று மட்டும் நினைத்து, பொருள் குறைவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்த பாலிசியில் எனக்கு முதலில் முக்கியமாகப் படுவது லயபிலிட்டி, அதாவது உங்களால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பு.

இங்கே நாம் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்பியவை. ஞாயிற்றுக்கிழமை வடைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, குழந்தை அழுகிறதே என்று உள்ளே போகிறீர்கள். சட்டி பற்றிக்கொள்கிறது. தீ பெரிதாகவே வேண்டாம். அடுப்புக்கு அருகில் இருக்கும் ஸ்பிரிங்க்லர் (தீயை அணைக்கத் தானாகவே தண்ணீர் தெளிக்கும் கருவி) ஒன்று திறந்தால் போதும், யாராவது வந்து வால்வை மூடும் வரை தண்ணீர் கொட்டும். உங்கள் கார்ப்பெட் நனைந்து, தரை வழியாக இறங்கி, கீழ்வீட்டுக்காரரின் கூரை, சோபா, டிவி வரை போகும். கட்டடத்தைச் சரிசெய்ய ஓனரின் இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும். கொடுத்துவிட்டு, யாருடைய கவனக்குறைவால் வந்தது என்று பார்த்து அவரிடம் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கவும் செய்யும். உங்கள் லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, பிரித்துப் பாருங்கள். கவனக்குறைவால் வரும் சேதத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு என்று அனேகமாக எழுதியிருக்கும். அமெரிக்காவில் வீட்டுத் தீ விபத்துகளுக்கு முதல் காரணம் சமையல்தான் என்று தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ஆண்டுக்கு ஆண்டு சொல்லி வருகிறது. பொரிப்பதும் தாளிப்பதுமாக இருக்கிற சமையலறைக்கு இது தூரத்து ஆபத்து இல்லை. (எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு மூடியைப் போட்டு மூடுங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.)

சாதாரண பாலிசியிலேயே லயபிலிட்டி 1,00,000 டாலர் இருக்கும். உங்கள் மேல் வழக்குப் போட்டால் வக்கீல் வைத்து வாதாடுவதும் கம்பெனியின் வேலை. இதை 3,00,000 ஆக உயர்த்த மாதம் ஒன்றிரண்டு டாலர்தான் கூடும். உங்களைப் போல ஒரே சம்பளத்தில் இருப்பவர்கள் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

அடுத்தது, வீட்டில் இருக்க முடியாமல் போனால் எங்கே தங்குவது என்பது. 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் உறைந்தபோது 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் போனது. ஹீட்டர் நின்றதால் சுவருக்குள் இருந்த குழாய்கள் வெடித்தன. எங்கள் காம்ப்ளெக்ஸிலும் மேல்மாடிக் குழாய் வெடித்து இரண்டு வீடுகளின் கூரை அப்படியே கீழே விழுந்தது. ஒரு வீட்டில் பாலிசி இருந்தது. அவர்களுக்கு ஓட்டல் வாடகையும், வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆன சாப்பாட்டுச் செலவும் கிடைத்தன. இன்னொரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு நண்பர் வீட்டு ஹாலில் வாரக்கணக்கில் படுத்திருந்தது. அந்த வீட்டு அம்மா அலுத்துப்போய், "வாடகை ஒழுங்காகக் கட்டினோமே, அவங்க ஓட்டல் எடுத்துத் தர வேண்டாமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த மாதிரி விபத்தில் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், லீஸை முடித்துக்கொண்டு வெளியேறும் உரிமையைத்தான் டெக்ஸாஸ் சட்டம் கொடுக்கிறது. ஓட்டல் செலவு ஓனரின் கடமை இல்லை. உங்கள் சோபாவும் துணிமணியும் அவருடைய இன்சூரன்ஸில் சேராது.

இப்போது பொருளுக்கு வருவோம். ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஒரு சாயங்காலம் அறை அறையாக நடந்து, இன்றைக்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பாருங்கள். மூன்று பேர் துணி, குளிர்கோட்டுகள், பூட்ஸ், பட்டுப்புடவைகள், தொட்டில், கார் சீட், லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர், குக்கர், மெத்தை, போர்வை. 15,000 டாலரை எளிதாகத் தாண்டும். பாலிசி எடுக்கும்போது "ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்", அதாவது அதே மாதிரிப் பொருளைப் புதிதாக வாங்கும் விலை, என்பதையே கேளுங்கள். "ஆக்சுவல் கேஷ் வேல்யூ" என்றால் தேய்மானம் கழித்துக் கொடுப்பார்கள், ஐந்து வருடம் பழகிய டிவிக்குப் புது டிவியின் விலையில் ஒரு சிறு பகுதிதான் வரும். மலிவான கொட்டேஷன் பலவற்றில் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும். காரில் வைத்த பை திருட்டுப் போனாலும், விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் கேமரா களவு போனாலும் இதே பாலிசியில் கேட்கலாம். டிடக்டிபிள், அதாவது நஷ்டத்தில் முதலில் நம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை, போகத்தான் கிடைக்கும், அவ்வளவே.

நகை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான், எத்தனை ஏஜென்ட்டுகள் இதை வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சாதாரண பாலிசியில் நகை திருட்டுப் போனால் கொடுக்கும் உச்ச வரம்பு பெரும்பாலும் 1,500 டாலர்தான். நீங்கள் மொத்தப் பொருளுக்கு 30,000 டாலர் எடுத்திருந்தாலும் இந்த வரம்பு மாறாது. தாலிச் சங்கிலி ஒன்றே அதைத் தாண்டிவிடும். தங்கக் காசும் தங்கக் கட்டியும் இதைவிட மோசம். அவை நகைக் கணக்கில் வராமல் பணக் கணக்கில் சேரும். பல பாலிசிகளில் அதற்கு வரம்பு 200 டாலர். அட்சய திருதியைக்கு வாங்கிய காசு, சேமிப்பாக வாங்கி அலமாரியில் வைத்த பிஸ்கட், எல்லாவற்றுக்கும் சேர்த்து 200. குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு போன்ற வெள்ளிச் சாமான்களுக்கும் திருட்டு என்றால் தனி வரம்பு உண்டு, வழக்கமாக 2,500.

வீட்டில் தங்கம் வைத்திருப்பார்கள் என்பது திருடர்களுக்கும் தெரியும். 2011 முதல் 2014 வரை நியூயார்க், மிச்சிகன், டெக்ஸாஸ் உள்ளிட்ட மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளையே தேடித் தேடிக் கொள்ளையடித்த கும்பல் ஒன்று பிடிபட்டுத் தண்டனை பெற்றது. அதனால் தினமும் போடும் நகைகளை மட்டும் பாலிசியில் தனித்தனியாகப் பட்டியலிட்டுச் சேர்த்துவிடுங்கள். இதற்கு மதிப்பீட்டுச் சான்று அல்லது கடை ரசீது கேட்பார்கள். செலவு வழக்கமாக நகை மதிப்பில் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம். அப்படிச் சேர்த்த நகைக்குப் பெரும்பாலும் டிடக்டிபிள் கிடையாது, தெரியாமல் தொலைத்தாலும் கிடைக்கும். மீதியை ஊரில் அம்மாவிடம் கொடுத்தோ லாக்கரில் வைத்தோ வாருங்கள். மாதச் செலவைக் குறைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெள்ளம் இதில் வராது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் பல வாடகைக் குடும்பங்கள் இதை நீரில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டன. குழாய் வெடித்து வரும் தண்ணீருக்குக் காப்பீடு உண்டு, ஓடை பெருகி உள்ளே வரும் தண்ணீருக்கு இல்லை. தரைத்தளத்தில், ஓடை பக்கம் இருப்பவர்கள் மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பொருளுக்கு மட்டும் 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். ஆனால் 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் செய்தியைப் பார்த்துவிட்டு எடுத்தால் உதவாது. நீங்கள் இரண்டாவது மாடி, உங்களுக்கு இப்போதைக்கு இது வேண்டாம். நிலநடுக்கமும் சாதாரண பாலிசியில் கிடையாது, கலிபோர்னியாவுக்கு மாறினால் அப்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம். ரென்டர்ஸ் பாலிசி நாட்டில் பல இடங்களில் மாதம் 15, 20 டாலர் அளவில்தான் இருக்கிறது. அதையும் குறைக்கலாம். முதலில் உங்கள் கார் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, இரண்டையும் சேர்த்து எடுத்தால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கார் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி ரென்டர்ஸ் பாலிசியின் விலையில் பெரும்பகுதியைச் சில சமயம் ஈடுகட்டிவிடும். பிறகு வேறு இரண்டு கம்பெனிகளில் அதே தொகை, அதே டிடக்டிபிள், அதே ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் சொல்லிக் கொட்டேஷன் வாங்குங்கள். ஒன்றில் 500 டிடக்டிபிள், இன்னொன்றில் 1,000 என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் எது மலிவு என்று தெரியாது. அவசரத்துக்கு 1,000 டாலர் கையில் இருக்கிறது என்றால் டிடக்டிபிளை 1,000 ஆக்கிப் பிரீமியத்தைக் குறைக்கலாம். இல்லையென்றால் 500லேயே இருங்கள். கையில் இல்லாத பணத்தை நம்பி டிடக்டிபிளை ஏற்றுவது சேமிப்பு ஆகாது. மாதத் தவணைக்குச் சில கம்பெனிகள் சேவைக் கட்டணம் போடும், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் அது மிச்சம். ஸ்பிரிங்க்லர், ஸ்மோக் அலாரம், கேட் இருக்கிற காம்ப்ளெக்ஸ் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். டெக்ஸாஸில் கிரெடிட் வரலாற்றையும் பார்த்து விலை போடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வரலாறே இருக்காது என்பதால் முதல் வருடம் கொஞ்சம் கூட இருக்கலாம். அடுத்த வருடம் மறுபடி கொட்டேஷன் வாங்க மறக்காதீர்கள்.

லீசிங் ஆபீஸில் ஒன்று சொல்வார்கள்: "நீங்கள் எதுவும் எடுக்க வேண்டாம், வாடகையோடு மாதம் பத்துப் பன்னிரண்டு டாலர் சேர்த்துக்கொள்கிறோம்." சம்மதிப்பதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் அது கட்டடத்துக்கு நீங்கள் உண்டாக்கும் சேதத்துக்கு மட்டும் ஓனரைக் காப்பாற்றும் ஏற்பாடு. உங்கள் பொருளுக்கும் ஓட்டலுக்கும் ஒரு டாலர் வராது. கிட்டத்தட்ட அதே பணத்துக்கு முழு பாலிசி கிடைக்கும்போது இதை வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. சொந்தமாக எடுத்து, காம்ப்ளெக்ஸை "இன்ட்ரஸ்டட் பார்ட்டி" என்று சேர்க்கச் சொன்னால் ஆபீஸுக்குத் தகவல் போய்விடும். அதற்குத் தனிச் செலவு இல்லை.

இதைப் படிக்கிற பேச்சிலர் தம்பிகளுக்கு: ரூம்மேட் எடுத்த பாலிசி உங்களைக் காக்காது. அதில் உங்கள் பெயர் இல்லையென்றால் தனியாக ஒன்று எடுங்கள். கணவன், மனைவி, குழந்தை ஒரே வீட்டில் இருந்தால் ஒரு பாலிசி போதும்.

எடுத்த அன்றே ஃபோனில் வீடு முழுக்க ஒரு வீடியோ எடுங்கள், அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து. அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். சிறு நஷ்டத்துக்கெல்லாம் கிளெய்ம் போட வேண்டாம். 500 டிடக்டிபிளில் 600 டாலர் பொருளுக்குக் கிடைப்பது 100, ஆனால் அந்தக் கிளெய்ம் உங்கள் பெயரில் ஏழு வருடம் வரை பதிவில் நிற்கும், பிரீமியம் ஏறலாம். பெரிய நஷ்டம் என்றால் தயங்காமல் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். டெக்ஸாஸில் கம்பெனி 15 நாளுக்குள் கிளெய்மைப் பெற்றதாகப் பதில் சொல்லி விசாரணையைத் தொடங்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, பொதுவாக 15 வேலை நாளுக்குள் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், தருகிறோம் என்றால் 5 வேலை நாளில் பணம் வர வேண்டும். இழுத்தடித்தால் ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் இன்சூரன்ஸ் துறைக்கு ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.