ரயில் சிக்னல்களை நாமே இயக்கும் சிம்சிக் (SimSig) என்ற கணினி விளையாட்டில், ஜங்ஷனில் ரயில்கள் தேங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

"பாதையெல்லாம் முன்கூட்டியே போட்டுவிடுகிறேன், அப்படியும் ஜங்ஷனில் வரிசைகட்டி நிற்கின்றன" என்கிறீர்கள். முன்கூட்டியே போடுவதுதான் சிக்கலே.

பாதை போட்டதும், அதாவது ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை ரயிலுக்கு வழி ஒதுக்கியதும், திரையில் அந்தக் கோடு வெள்ளையாகிறது இல்லையா? அது வெள்ளையாக இருக்கும்வரை குறுக்கே எதுவும் போக முடியாது. எப்போதோ வரப்போகும் ரயிலுக்காக ஜங்ஷனைப் பூட்டிவைத்தால், இப்போதே போகக்கூடியது சும்மா நிற்கும். சரி, ரத்து செய்யலாம் என்றால், ரயில் நெருங்கிவிட்ட பிறகு அப்ரோச் லாக்கிங் (நெருங்கிவிட்ட ரயிலின் பாதையை உடனே மாற்ற விடாத பாதுகாப்புப் பூட்டு) பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் 2 நிமிடம் பாதை விடுபடாது.

அதற்காகக் கடைசி நொடி வரை காத்திருக்கவும் கூடாது. பிரிட்டிஷ் பாதைகளில் பல இடங்களில் சிவப்பு, ஒற்றை மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என நான்கு நிலை சிக்னல்கள். டிரைவருக்குப் பச்சை தெரிய வேண்டுமென்றால், அவர் முன்னால் இருப்பதோடு சேர்த்து மூன்று சிக்னல்களுக்காவது பாதை போட்டிருக்க வேண்டும். இரட்டை மஞ்சளைப் பார்த்ததுமே அவர் வேகத்தைக் குறைக்கத் தயாராகிவிடுவார். ஆகவே குறுக்குப் பாதை இல்லாத நேர்வழியில் தாராளமாக முன்னதாகவே போடுங்கள், ஆட்டோ வசதி (ஒவ்வொரு ரயில் போனதும் அதே பாதை தானாகவே மீண்டும் போடப்படுவது) உள்ள சிக்னல்களை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். ஜங்ஷனுக்கு மட்டும் அந்த மூன்று சிக்னல் கணக்கு.

அப்புறம் கூட்ஸ். ரயில் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 1 எக்ஸ்பிரஸ், 2 சாதாரண பாசஞ்சர், 4 மணிக்கு 75 மைல் வரை போகும் கூட்ஸ், 6 என்றால் 60 மைல். ஒரு 6 நிற்கிறது, பின்னால் 8 நிமிடத்தில் ஒரு 1 வருகிறது என்று வையுங்கள். அடுத்த லூப் (மெயின் லைனிலிருந்து ஒதுங்கி நிற்பதற்கான பக்கப் பாதை) வரை கூட்ஸுக்கு 7 நிமிடம் ஆகும் என்றாலும் நான் விடமாட்டேன். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க நேரமாகும், லூப்பில் மெதுவாகத்தான் நுழையும், கடைசி வேகன் உள்ளே போகும்வரை மெயின் லைன் காலியாகாது. லூப்பின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்ஸ் அதைவிட நீளமாக இருந்தால் வால் வெளியே நிற்கும், எக்ஸ்பிரஸும் பின்னால் நிற்கும்.

ஏற்கெனவே தாமதமான எக்ஸ்பிரஸுக்காக நேரத்துக்கு ஓடும் மூன்று பாசஞ்சர்களை நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு இடைவெளி கிடைக்கும்போது அதை நுழைத்துவிடலாம்.

பழக சிம்சிக்கில் உள்ள ராய்ஸ்டன் என்ற பகுதி போதும், இலவசமாகவே கிடைக்கிறது.