வாசகர் கேள்வி: புதியதா, பாவித்ததா?

கேள்வி: ஹட்டனில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், அம்மாவும் எங்களோடுதான். வொல்வோ எக்ஸ்.சி. 60 கார் வாங்க ஆசை. புதியதா, பாவித்ததா?

பதில்: இலங்கையில் 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, வரியோ தலைக்கு மேல், அதனால் பாவித்ததையே பாருங்கள், ஆனால் கொழும்புத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் வீட்டாரை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக் மிதிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கால்விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், ஈரம் என்றால் பெரும்பாலும் சன்ரூஃப் (கூரைக் கண்ணாடி) வடிகால் அடைத்திருக்கும், நம் மழைக்கு அது தாங்காது. ஹைபிரிட் (எஞ்சினோடு பேட்டரியிலும் ஓடுவது) என்றால் பேட்டரியின் நிலையைச் சொல்லும் அறிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், அம்மாவுக்கு ஏறி இறங்க உயரம் சரியா என்று அவரையே கேளுங்கள்.