ஞாயிற்றுக்கிழமையும் பச்சைப் பெட்டிகளும்

தம்பி, பாரிஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன, ஞாயிறு மட்டும் அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா என்று கேட்டிருந்தீர்கள். கடலூர்ப் பிள்ளை இப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. 1999 கடைசியில் கல்யாணமாகி இங்கே வந்தேன். டிசம்பரில் இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும். வீட்டுக்காரருக்கு இரவு வேலை. பகலில் அவர் தூங்க வேண்டும் என்று பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பேன். ஊருக்குப் பேசக் கார்டு வாங்கினால், அம்மா அழுது முடிப்பதற்குள் நிமிடம் தீர்ந்துவிடும்.

ஒரு நாள் கால்போன போக்கில் ஸேன் நதிக்கரைக்குப் போய்விட்டேன். கரைச் சுவர்மேல் வரிசையாகப் பச்சைப் பெட்டிகளைத் திறந்து வைத்துப் பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டேன். நம்ம புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துணிக் குவியலுக்கும் செருப்புக்கும் நடுவே தரையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகங்களின் அதே வாசனை! அப்பா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரமாகும். ரோமன் ரோலன் நூலகத்துக்கும் கையைப் பிடித்து அழைத்துப் போவார். அந்தக் குளிரில் பிரெஞ்சு ஒரு வரி தெரியாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். யாரும் விரட்டவில்லை. அன்றைக்குத்தான் வந்ததிலிருந்து முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் எங்கள் தெருமுனைப் புத்தகக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் அந்தக் கடைக்காரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்து அழுதிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் போனால் இங்கே மரியாதைக் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். இங்கே 1981-இல் போட்ட ஒரு சட்டத்தால் புதுப் புத்தகத்தைக் குறித்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைத்து விற்க முடியாது. அதனால் சின்னக் கடைகளும் பெரிய கடைகளுக்கு நடுவே பிழைத்திருக்கின்றன. உங்கள் பேட்டையிலும் ஒன்று இருக்கும். பல கடைகளுக்கு அலையாதீர்கள். ஒரே கடை, வாரத்தில் ஒரே நாள். மூன்றாவது வாரத்தில் அவர்களே விசாரிப்பார்கள்.

வாங்கக் காசு வேண்டும் என்று யோசிக்காதீர்கள். பாரிஸ் மாநகர நூலகங்களில் புத்தகம் எடுக்க அட்டை இலவசம். லா சப்பல் பக்கம் நம் தமிழ்க் கடைகளுக்கு மளிகை வாங்க வந்தால் பக்கத்திலேயே வாக்லாவ் ஹாவெல் நூலகம் இருக்கிறது. வெட்கப்படாமல் குழந்தைகள் பகுதியில் உட்காருங்கள். நான் பிரெஞ்சு படித்ததே அந்தப் படப் புத்தகங்களில்தான்.

ஆனால் ராத்திரி தூங்கப்போகும் முன் தமிழ்தான். இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். நாள் முழுக்க நம் மொழி காதில் விழாமல் இருந்தால் மனசு வறண்டுபோகும் தம்பி, அதை நான் அனுபவித்திருக்கிறேன்.

என் வீட்டில் இரண்டு அலமாரி தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வாருங்கள், மீன் குழம்பு வைக்கிறேன். போகும்போது ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று மட்டும். திருப்பிக் கொடுக்க மறுபடி வர வேண்டுமே.