அம்மா தோடு

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் எங்கள் மாணவன் ஒருவன் தற்கொலைக்கு முயன்று பிழைத்தான். அப்பா நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்தார், அப்படியும் இந்த முடிவு. இப்படிப்பட்டவர்களை முதலாண்டிலேயே கேள்வித்தாள் வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தியே இல்லையோ?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

கேள்வித்தாள்கள் இருக்கின்றன. நம்பிக்கையின்மையை அளக்க அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1974-லேயே ஒன்று தயாரித்தார். அதை மனநல மருத்துவர்களிடம் விடுங்கள். ‘தாங்கும் சக்தி இல்லை’ என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அத்தனை பேரையும் பலவீனர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது சுலபம்.

‘அப்படியும்’ என்று எழுதினீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். ‘அதனாலும்’ இருக்கலாம் சார். வீட்டுக்கு நான் பாரம், நான் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்ற நினைப்பும், யாரோடும் ஒட்டாத தனிமையும் சேரும்போதுதான் ஆபத்து என்கிறார் தற்கொலை பற்றி ஆராயும் உளவியலாளர் தாமஸ் ஜாய்னர். அந்த நினைப்பு பொய். ஆனால் உள்ளே சிக்கியவனுக்கு அது கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கு மாதிரி தெரியும்.

விடுதியில் என் அறைத்தோழன் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தான். அப்பா செய்த செலவெல்லாம் அதில் இருக்கும்: ஃபீஸ், மெஸ் பில், பஸ் டிக்கெட். ஓரிடத்தில் ‘அம்மா தோடு’ என்று எழுதி, எதிரே தொகை போடாமல் விட்டிருந்தான். கஞ்சன் என்று கிண்டல் செய்தேன். மூன்று அரியர் விழுந்ததும் படம் வரையும் கருவியான தன் டிராஃப்டரை எனக்கே கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், முட்டாள்.

கவனித்தவர் மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன். நாலு நாளாக ஒரு தோசையோடு எழுந்து போனவனை நிறுத்தி, “தம்பி, செத்துரலாம்னு ஏதும் தோணுதா?” என்று நேராகவே கேட்டார். தட்டு கழுவும் இடத்தில் உட்கார்ந்து அழுதான். அன்றிரவு அவனைத் தனியாக விடவில்லை அவர். காலையில் ஊருக்குக் கூட்டிப் போனார். அப்புறம் மூன்று மாதம் மருத்துவம்.

கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், வராது. உங்கள் மாணவன் திரும்பி வந்ததும் அட்டெண்டன்ஸ் பேச்சை எடுக்காதீர்கள். ஒருமுறை முயன்றவரை விட்டு ஆபத்து அவ்வளவு சீக்கிரம் விலகாது. சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அண்ணன் கேட்டதையும் கேளுங்கள். 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண். இரவிலும் எடுப்பார்கள். வகுப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

நண்பனின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஃபீஸ் ரசீதை அவள் கண்ணில் காட்டுவதே இல்லையாம். அந்த டிராஃப்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.