கடற்படை அதிகாரியின் கடிதமும் ஒன்பது வளைவுப் பாலமும்

கேள்வி: ஐயா, என் தாத்தா பண்டாரவளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக வேலை பார்த்தவர். போர்க்கால விடுமுறையில் துரை பங்களாவில் தங்கிய பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவர், 1958இல் தாத்தாவுக்கு எழுதிய கடிதமும் உடன் அனுப்பிய இரண்டு சித்திரங்களும் எங்களிடம் உள்ளன. சித்திரங்களின் பின்புறம் பென்சிலில் 1944 என்றிருக்கிறது. திருகோணமலையிலிருந்து ரயிலில் வந்து, தியத்தலாவையில் இறங்குமுன் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு வரைந்ததாகவும், போரின்போது நாட்குறிப்பு எழுதாமல் படம் மட்டுமே வரைந்ததாகவும் சொல்கிறார். இக்கடிதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

பதில்: நம்பலாம், ஆனால் சித்திரங்களைவிடச் சற்றுக் குறைவாக நம்புங்கள். மலையேறும் ரயில் அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என்ற வரிசையில்தான் செல்கிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலமோ எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருப்பதால், தியத்தலாவையில் இறங்குபவர் அதைக் காண வழியே இல்லை. பங்களாவில் தங்கிய நாட்களில் எல்லப் பக்கம் போய் வரைந்திருப்பார். பதினான்கு ஆண்டுகள் கழித்து எழுதும்போது இரண்டு பயணங்களும் நினைவில் ஒன்றாகிவிட்டன போலும். தியத்தலாவை என்பது பொருந்துகிறது. கடற்படையினர் இளைப்பாறி உடல் தேறுவதற்கான முகாம் அங்கே இருந்தது. மலைமேல் இருந்த அந்த முகாமுக்கும் கப்பலுக்குச் சூட்டுவதுபோலவே 'ஊவா' என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

நாட்குறிப்பைப் பற்றி அவர் சொல்வதும் சரியே. எதிரியின் கையில் சிக்கினால் தகவல் கசியும் என்பதால், போர்க்காலத்தில் படையினர் சொந்த நாட்குறிப்பு வைத்திருப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. கடிதங்களும் தணிக்கைக்கு உட்பட்டவை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கி, அதே 9ஆம் திகதி ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிறகு, அந்த எச்சரிக்கை வெறும் சம்பிரதாயமாக இருந்திருக்காது. துறைமுகத்தை வரைவது வம்பு. தேயிலை மலையை வரைந்தால் கேட்பார் இல்லை. கடற்படைக்குச் சித்திரக்கலை புதிதும் அன்று. கப்பலிலிருந்து தெரியும் கரையின் தோற்றத்தை வரைந்து கடல் வரைபடங்களில் சேர்ப்பது, நிழற்படம் பரவுவதற்கு முன்பிருந்தே அதிகாரிகள் பழகிய வேலை. நீங்கள் அனுப்பிய பிரதியில் மலைமுகடுகள் ஒரே கோட்டில் நீண்டு செல்வதைப் பார்த்தபோது, கரையை வரைந்து பழகிய கைதான் இது என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு அதிகம் பிடித்தது கொழுந்து பறிக்கும் பெண்களின் படம். கடிதத்தில் அவர்கள் தோளில் கூடை சுமந்ததாக எழுதியவர், படத்தில் கூடைக் கயிறு தலைமேல் போவதையும் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருப்பதையும் பிசகாமல் வரைந்திருக்கிறார். முகங்களைத்தான் வெறுமையாக விட்டுவிட்டார். கங்காணிக்கு மட்டும் மூக்கும் மீசையும் உண்டு.

தயவுசெய்து இவற்றை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடாவும் வேண்டாம். நீர்வண்ணம் வெயிலில் வெளிறும், உங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும் என்பதால், சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதைவிட அமிலமற்ற தாளில் சுற்றித் தட்டையாக வைப்பதே நல்லது. பிரதியெடுக்கும்போது பின்புறத்துப் பென்சில் எழுத்தையும், கடித உறை இருந்தால் அதன் அஞ்சல் முத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.