அதே வேலை, அதே அனுபவம். பெரிய நிறுவனத்தில் மட்டும் ஏன் கூடுதல் சம்பளம்?

இதை வைத்து உங்களுக்குத் திறமை குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் நீங்களும், ஆயிரக்கணக்கானோர் உள்ள இடத்தில் நண்பரும் ஒரே வேலையைச் செய்தாலும் சம்பளம் வேறுபடும். 1989இல் பொருளாதார ஆய்வாளர்கள் சார்லஸ் பிரவுனும் ஜேம்ஸ் மெடாஃபும் அமெரிக்கத் தரவுகளில் படிப்பு, அனுபவம், வேலைச் சூழல் ஆகியவற்றால் வரும் சம்பள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் இடைவெளி மிஞ்சியது.

முழுக் காரணம் உறுதியாகத் தெரியாது. முக்கியமாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம் இது: பெரிய நிறுவனத்தில் இயந்திரம், மென்பொருள், வாடிக்கையாளர் எல்லாம் அதிகமாக இருப்பதால், அங்கே ஓர் ஆள் ஈட்டித்தரும் வருமானமே அதிகம். அவர் விலகினால் இழப்பும் பெரிது. அதனால் கூட்டிக் கொடுத்துத் தக்கவைக்கிறார்கள்.

வேலை மாறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்:

1. போனஸ், காப்பீடு, ஓய்வூதியப் பங்கு சேர்த்து இருவரின் ஆண்டு மொத்தத்தையும் எழுதுங்கள்.
2. அதை உண்மையில் உழைத்த மணிநேரத்தால் வகுங்கள். இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பும் வேலைதான், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் சராசரிக் கணக்கு. அமெரிக்காவிலேயே கடந்த சில பத்தாண்டுகளில் இந்த இடைவெளி குறைந்திருக்கிறது. லாபம் நன்றாக உள்ள சிறு நிறுவனம் பெரியதைவிட அதிகம் தருவதும் உண்டு.