கடலிலிருந்து வடசென்னையைப் பார்க்க: தனிப்படகு எடுக்கும் முன்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பா துறைமுகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கப்பலிலேயே காலம் போச்சு, ஒரு நாளாவது கடலுக்குள்ள போய் ஊரைத் திரும்பிப் பார்த்ததில்லை" என்று அடிக்கடி சொல்வார். வரும் டிசம்பரில் அவருக்கு 70 முடிகிறது. சிங்கப்பூரிலிருந்து அண்ணனும் வருகிறார். மொத்தம் 14 பேர். 4 வயதுக் குழந்தையும், முட்டிவலி உள்ள அம்மாவும் அதில் உண்டு. தனியாக ஒரு படகு எடுத்து, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை போய், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஆசை. காசிமேட்டில் தெரிந்த ஒருவர் தன் ஃபைபர் படகிலேயே கூட்டிப்போவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: உங்கள் அப்பாவின் ஆசை நிறைவேற வேண்டும். நிச்சயம் போங்கள். ஆனால் அந்த ஃபைபர் படகில் வேண்டாம், டிசம்பரில் வேண்டாம், மாலையில் வேண்டாம், எண்ணூர் வரை வேண்டாம். திட்டத்தையே கலைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் படகு. உங்களுக்குத் தெரிந்தவர் நல்ல மனிதராகவும் கடலை நன்றாக அறிந்தவராகவும் இருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய படகு மீன்பிடிப் படகு என்றே பதிவானது. உட்கார இருக்கை இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வலையும் ஐஸும் மீனும் கீழே கிடந்தால் அது நிலையாக நிற்கும், எடை அடியில் இருக்கிறது. அதே இடத்தில் 14 பேர் பலகைமேல் உட்கார்ந்தால் எடை மேலே ஏறிவிடும். யாரோ ஒருவர் "அதோ டால்பின்" என்று கத்த, எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் போதும். 2009-இல் தேக்கடியில் 45 பேர் இறந்த படகு, பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில்தான் கவிழ்ந்தது என்று சொல்லப்பட்டது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்ட படகு. நம் பக்கத்திலேயே, பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் திரும்பவில்லை. அவர்களை ஏற்றிப்போன ஆட்களும் தண்ணீருக்குப் புதியவர்கள் இல்லை. தெரிந்தவர் என்பதால் படகின் அமைப்பு மாறிவிடாது. தவிர, ஏதாவது நடந்தால் மீன்பிடித் தொழிலுக்கான காப்பீடு உங்களுக்குக் கைகொடுக்காது. அவருடைய பிழைப்பும் போய்விடும். இதை அவரிடமே பக்குவமாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

அப்படியானால் எந்தப் படகு? சென்னைத் துறைமுகத்தின் உள்ளேயே சிறு படகுகளுக்கான ஒரு மூலை இருக்கிறது. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் (யாட் என்றால் உல்லாசப் படகு) அங்கேதான் இயங்குகிறது. அதைத் தொடங்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அப்போது துறைமுகத்தின் தலைவராக இருந்தவர். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். பாய்மரப் படகு, மோட்டார் யாட் இவற்றில் கட்டணத்துக்குக் கடலுக்குள் கூட்டிப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறார்கள். விசாரிக்கும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது மூன்று: படகின் பதிவுச் சான்று, ஆண்டுச் சோதனை முடித்த சான்று, பயணிகளுக்கான காப்பீடு. சோதனைச் சான்றில் எத்தனை பேர் ஏறலாம், எதுவரை போகலாம் என்ற இரண்டும் எழுதியிருக்கும். காயலுக்கும் ஆற்றுக்கும் மட்டும் அனுமதி பெற்ற படகைக் கடலுக்கு எடுத்துவந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த வரியைக் கண்ணால் படித்துப் பாருங்கள். கேட்டதும் சலித்துக்கொள்கிறவரிடம் படகு எடுக்க வேண்டாம்.

இங்கே கிடைக்கும் யாட்கள் பெரும்பாலும் சிறியவை. 14 பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று வற்புறுத்தினால், "சரி, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு மயங்காதீர்கள். குழந்தையையும் ஓர் ஆளாகத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு நடையாகப் போங்கள், அப்பா இரண்டு நடையிலும் போகட்டும். பிறந்தநாள் அவருடையதுதானே.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன் ஒரு படகில் ஏறியதும் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். இருக்கைக்கு அடியில் நைலான் கயிற்றால் இறுகக் கட்டிய மூட்டையைக் காட்டினார்கள். முடிச்சை அவிழ்க்க எனக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது, அதுவும் அசையாத படகில். அன்றிலிருந்து நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள், திரும்பிக் கரையில் கால் வைத்த பிறகு கழற்றுங்கள். குழந்தைக்குக் குழந்தையின் அளவு வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது குழந்தைக்கு உதவாது. கால்களுக்கு நடுவே போகும் பட்டை உள்ளதாகக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாவிட்டால் நீங்களே ஒன்று வாங்கிவிடுங்கள்.

இப்போது மாதம். டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் காலம். 2016-இல் வர்தா புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 12. 2023-இல் மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்தது டிசம்பர் முதல் வாரம். புயல் இல்லாத நாளிலும் வாடைக்காற்று ஓயாது, கடல் கொந்தளித்தபடியே இருக்கும். அண்ணன் விடுப்பைப் பொங்கலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றச் சொல்லுங்கள். தை, மாசி மாதங்களில் கடல் தணிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் போகிக்கும் அதற்கு மறுநாளுக்கும் படகு எடுக்க வேண்டாம். வடசென்னையில் அந்தப் புகை எப்படி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிசம்பரைத் தவிர வழியே இல்லை என்றால், முன்பணம் கொடுக்கும்போதே "வானிலை காரணமாக ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வரும்" என்று எழுதி வாங்குங்கள். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் சரி, மீனவர்களுக்கு வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்தாலும் சரி, அன்று பயணம் இல்லை. காலையில் காசிமேட்டுக்கு ஒரு போன் போட்டு, "இன்னிக்குப் போறாங்களா?" என்று கேளுங்கள். அவர்கள் போகாத கடலுக்கு நீங்களும் போக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவர் இந்த இடத்தில்தான் பெரிய உதவியாக இருப்பார். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் அவை போகாததற்குக் கடல் காரணமில்லை.

மாலை வேண்டாம் என்றேன். கோவாவிலோ கொச்சியிலோ சூரியன் கடலில் இறங்கும், அதைப் பார்க்க மாலையில் படகு எடுக்கிறார்கள். நம் கடல் கிழக்கே. மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும், கடலிலிருந்து பார்த்தால் கிரேன், கோபுரம், கட்டடம் எல்லாம் வெறும் கறுப்பு நிழல். காலையில் வெளிச்சம் உங்கள் முதுகிலிருந்து ஊரின் முகத்தில் நேராக விழும், ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தோடு தெரியும். காற்றும் காலையில்தான் அடங்கியிருக்கும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்தால் அலை துள்ளத் தொடங்கும். பனிமூட்டம் கலையட்டும், ஏழரை மணிக்குக் கிளம்புங்கள், வெயில் சுடுமுன் கரைக்கு வந்துவிடலாம்.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிதானமாகப் போகும் படகு 6 நாட் வேகத்தில் போகும், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் போகவர 22 கிலோமீட்டர்தான் ஆகும். துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்புவதற்கு அது போதாது. முட்டிவலியோடும் குழந்தையோடும் மூன்று, நான்கு மணி நேரம் கடலில் இருப்பது கொண்டாட்டமாக இருக்காது. தவிர, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடையும். பழக்கமில்லாதவர்கள் நெருங்கக் கூடாத இடம் அது. திருவொற்றியூருக்கு நேராகப் போய்த் திரும்புங்கள். தெளிவான நாளாக இருந்தால் வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை அங்கிருந்தே பார்க்கலாம்.

அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால், மெரினா பக்கம் போவதைவிட இதுதான் பெரிய காட்சி. துறைமுக வாயைத் தாண்டும்போது பச்சை, சிவப்பு மிதவைகள் தெரியும். உள்ளே வரும் கப்பலுக்குச் சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெளியே போகும் உங்களுக்கு அது தலைகீழாக இருக்கும், குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். வாயைத் தாண்டியதும் வடக்கே காசிமேடு, விடியலில் வலை இழுத்துவிட்டு வரிசையாகத் திரும்பும் படகுகள். அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகச் சொல்லுங்கள், வலை விரித்திருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகட்டும்.

பிறகு கரையைக் கவனியுங்கள். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவில் அகன்ற மணல்வெளி. வடக்கே ராயபுரம் முதல் கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும்தான் (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்சுவர்கள்). இரண்டுக்கும் காரணம் ஒன்று. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். மீனவர்கள் அந்த நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி. 1870-களில் தொடங்கித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. தெரு தெருவாகக் குப்பங்கள் போன கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். கரையில் நின்றால் ஒரு பக்கம்தான் தெரியும். படகிலிருந்து தலையைத் திருப்பினால் இரண்டையும் பார்க்கலாம். இதை ஒருமுறை கடலிலிருந்து பார்த்துவிட்டவர்களுக்கு எண்ணூர் விரைவுச் சாலையோரக் கற்கள் வெறும் கற்களாகத் தெரியாது.

திரும்பும் வழியில் கிரேன்களுக்கு இடையே உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடம் தெரிகிறதா என்று தேடுங்கள். அதன் உச்சியில் 1894 முதல், மெரினாவில் 1977-இல் புதியது வரும்வரை, கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியது நீங்கள் மிதக்கும் இந்தக் கடலிலிருந்துதான். துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகமே இல்லாத காலத்தில் கப்பல்கள் வெளியே நங்கூரமிட, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் நம் ஆட்கள் அலையைத் தாண்டிச் சரக்கையும் பயணிகளையும் கரை சேர்த்தார்கள். அப்பாவுடைய வேலையின் தொடக்கம் அங்கே இருக்கிறது. அவரைப் பேசவிடுங்கள், உங்களுக்கு வழிகாட்டியே தேவைப்படாது.

சில சில்லறை விஷயங்கள். துறைமுக வாயிலில் எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். அண்ணனோ அவர் குடும்பமோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அனுமதிக்கு நாள் பிடிக்கும், இரண்டு வாரம் முன்பே விவரம் கொடுத்துவிடுங்கள். துறைமுகத்துக்குள்ளும், கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்களையும் படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் நினைப்பே வேண்டாம். குமட்டலுக்கு அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும், அதையும் அப்பாவுக்கும் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான். வெறும் வயிறும் கூடாது, நெய் வழியும் பொங்கலும் கூடாது. இரண்டு இட்லி போதும். கேக்கைக் கரைக்கு வந்து வெட்டுங்கள்.

அம்மாவுக்கு இறங்கும் படிதான் சிக்கல். பாசி படிந்த கல்படியில் கால் வழுக்கும். முந்தின நாளே போய், கரையிலிருந்து படகுக்கு ஏறப் பலகை போடுவார்களா, கைப்பிடி உண்டா என்று பார்த்துவிடுங்கள். சரிப்படாது என்று தோன்றினால் அம்மாவுக்காக வேறொரு நாள் முட்டுக்காடு போகலாம். அங்கே 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது, தண்ணீர் அமைதி, ஏறுவதும் எளிது. பழவேற்காட்டில் 2011 விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. அரசு அனுமதித்த படகு என்று உறுதியாகத் தெரியாமல், கரையில் யார் கூப்பிட்டாலும் அங்கே ஏறாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

கிளம்பும் முன் போகிறவர்களின் பெயர், படகின் எண், திரும்பும் நேரம் இவற்றைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். இரண்டு நடையாகப் போவதால் கரையில் எப்போதும் உங்கள் ஆட்கள் இருப்பார்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள். அப்புறம் ஒன்று: போகும்போது ஊர் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். திருவொற்றியூரில் படகு திரும்புவதற்கு முன்பே அப்பாவை வலப்பக்கத்துக்கு, கம்பிக்கு அருகில் மாற்றி உட்கார வையுங்கள். படகு திரும்பும்போது எழுந்து நடக்கக் கூடாது.